இருபத்துமூன்றாவது ஆள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு மூட்டுவலி இருக்கிறது, அத்தானுக்குக் கோபம் இருக்கிறது, மற்றபடி இருவரும் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் வாயைப் பார்க்கிற தொழிலைத்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தாய், அனுபவி.

எல்லையை மூடி இன்றோடு தொண்ணூற்றிரண்டு நாள். வாலுவும் அவனோடு போன லாரிக்காரர்களும் இன்னும் எதிர்ப்பக்கத்துச் சுங்க வளாகத்தில்தான் இருக்கிறார்கள். மொத்தம் இருபத்துமூன்று பேர். ஏற்றிப் போனது வெங்காயமும் குளியலறை ஓடும். வெங்காயத்தை வைத்துக்கொண்டு என்ன உளவு பார்த்திருப்பான் என் பிள்ளை? நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை, அவர்களுடைய லாரிக்காரர்களை இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். அத்தான் நாள் முழுக்க இரண்டு சேனலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டையும் திட்டிவிட்டுப் படுக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வெளியுறவு அலுவலக வாசலில் போய் நிற்கிறேன். மற்ற வீட்டுக்காரர்களும் வருகிறார்கள். துணி இஸ்திரி போடுகிற ஒருத்தி எனக்குச் சிநேகிதியாகிவிட்டாள். அவள் புருஷனும் அங்கேதான் இருக்கிறான். மூன்று பிள்ளைகள், நடுப்பிள்ளைக்குக் காது கேட்காது. வரிசையில் நின்றுகொண்டே அதோடு கையால் பேசுவாள்.

நீ குடியேறிய நாட்டில் இருக்கிற எதிர்ப்பக்கத்துத் தூதரகத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கிறவர் உன்னிடம் கடைவாய்ப் பல்லுக்கு வருகிறார் என்று போன வருடம் எழுதியிருந்தாய். அவரிடம் வாலுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேன். வாய்க்குள் கைவிட உரிமை இருக்கிறவனுக்கு ஒரு வார்த்தை கேட்க உரிமை இருக்காதா?

அது இருக்கட்டும், திடீரென்று போன் பண்ணாதே, கடிதம் போடு என்கிறாயே, எதற்கு?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இடுப்பும் என்னோடுதான் இருக்கிறது. உன் மூட்டுக்கு அந்த எண்ணெயை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே, எலும்பு டாக்டரைப் பார்.

போன் வேண்டாம் என்றது சும்மாதான். போனில் நீ அழுகிறாய், நான் அடுத்த நோயாளியைப் பார்க்க முடியாமல் நிற்கிறேன். கடிதத்தை வழியில் யாராவது பிரித்தாலும் கவலையில்லை. உன் கையெழுத்தைப் படிக்க இந்த உலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

இங்கே ஒரே குளிர். பழைய நாற்காலியைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், சத்தமே இல்லாமல் சாய்கிறது. பக்கத்து அறையிலும் ஒன்று போட்டிருக்கிறேன். கடைவாய்ப் பல்காரர் இன்னும் வருகிறார், வேர் சிகிச்சை நடக்கிறது. நம் நாட்டுத் தூதரகத்திலிருந்தும் ஒருவர் வரத் தொடங்கியிருக்கிறார். மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல், வயது அறுபதாகிறது, நல்ல மனுஷர். இரண்டு பேரும் வியாழக்கிழமை வருகிறார்கள்.

நோயாளிகளோடு நான் பல்லைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நீ கோபப்படுவாய் என்று தெரியும். அத்தானைக் கேட்டதாகச் சொல். வாலுவை நினைக்காத நாள் இல்லை.

தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானும் நானும் இருக்கிறோம். எலும்பு டாக்டரைப் பார்த்தேன், உடம்பைக் குறைக்கச் சொன்னார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இருபது வருடமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிறவள் நான். தண்ணீர் வரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. அதனால் ஒரு பழக்கம், எழுதியிருப்பதை விட்டுவிட்டு எழுதாததைத் தேடுவேன். உன்னிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

கல்லூரி நாளிலிருந்து வியாழக்கிழமை உனக்குச் சதுரங்க நாள். அன்றைக்குக் கடையைத் திறக்கவே மாட்டாய். இப்போது எதற்குத் திறக்கிறாய்? எனக்கு வேர் சிகிச்சை இரண்டே தடவையில் முடித்தாய். அந்த மனுஷருக்கு ஒரு வருடமாக நடக்கிறதே, அவருக்கு என்ன ஆலமரத்து வேரா? ஒண்டிக்கட்டை டாக்டருக்கு இரண்டு நாற்காலி எதற்கு? இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே நாளில் வந்தால் கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பார்த்துக்கொண்டால் என்ன செய்வார்கள்?

மென்று முழுங்காமல் பதில் எழுது. யாரிடமும் சொல்ல மாட்டேன். அத்தானிடம் சொன்னாலும் அவருக்குச் செய்தி ஓடுகிற நேரத்தில் எதுவும் காதில் ஏறாது.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஊருக்குப் போகிற ஒரு நர்ஸம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். போன டிசம்பரில் ஒருநாள் ஒருவருக்கு நேரம் இழுத்துவிட்டது, அடுத்தவர் முன்கூட்டியே வந்துவிட்டார். கூடத்தில் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுவரைப் பார்த்தார், மற்றவர் தன் செருப்பைப் பார்த்தார். மறுவாரம் கடைவாய்ப் பல்காரர் என்னிடம் கேட்டார், "அவருக்கு வீக்கம் கொறஞ்சுதா டாக்டர்?" அதை நான் கட்டுப்பல்காரரிடம் சொன்னேன். அவர் கட்டுப்பல்லை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றார். இப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது ஒரு அறையில் ஒருவர், மற்ற அறையில் ஒருவர். நேருக்கு நேர் பார்ப்பதில்லை. பார்த்தால் தங்கள் அரசுக்கு எழுதியாக வேண்டும், எழுதினால் வேலை போய்விடும். நான் ஒரு அறையில் கேட்டதை அடுத்த அறையில் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் கையுறையை மாற்ற வேண்டும், அந்த நேரத்தில் சொல்லில் இருக்கிற முள்ளை எடுத்துவிடுவேன். கசப்பான சேதியாக இருந்தால் முதலில் வாயில் பஞ்சை வைத்துவிடுவேன், அப்புறம்தான் சொல்வேன். கண் சிவக்கும், கை நாற்காலியைப் பிடிக்கும், பேச முடியாது. பஞ்சை எடுக்கிற நேரத்தில் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். எந்த நாட்டு அமைச்சரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

பேசுவது லாரிக்காரர்களைப் பற்றித்தான். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் விடுவிப்பது என்ற அளவுக்கு வந்திருக்கிறது.

வாலுவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அக்கா. திறக்கக் கூடாது. நான் இந்த நாட்டுக் குடிமகனாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது, என்னைப் பொது ஆள் என்று நம்பித்தான் இரண்டு பேரும் வாயைத் திறக்கிறார்கள். அந்த இருபத்துமூன்றில் ஒருவன் என் அக்கா மகன் என்று தெரிந்த நிமிடமே எல்லாம் முடிந்துவிடும்.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

நலம். கடிதத்தைக் கிழிக்கவில்லை. அலுவலகத்தில் பழைய புகார்ப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன், அதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அவன் பிறந்தபோது முதலில் தூக்கியவன் நீ. பல் முளைத்ததும் முதலில் உன்னைத்தான் கடித்தான். வீக்கம் குறைந்ததா என்று யார் யாரோ கேட்பதையெல்லாம் சுமந்துகொண்டு போய்ச் சொல்கிறாய். என் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. பொது ஆளாகவே இருந்துகொள். தாய்மாமனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா? இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நாலு திட்டாவது எழுதி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே குளிர் போய்விட்டது. கட்டுப்பல்காரர் போன வாரம் ஒரு நகைச்சுவை சொல்லியனுப்பினார். கடைவாய்க்காரர் பஞ்சோடு சிரித்துப் புரையேறி, நான் முதுகைத் தட்டும்படி ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. "சிரிச்சாரா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு உதவி கேட்கிறேன். உன்னோடு வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி விவரமாக எழுது. யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருக்கு என்ன வியாதி, யார் சம்பாத்தியத்தை நம்பி எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் எழுது. வாலுவைப் பற்றியும் எழுது. புறப்பட்டபோது உடம்பு எப்படி இருந்தது? தனியாக இருந்தால் தாங்குவானா?

ஏன் என்று கேட்காதே. சீக்கிரம் எழுது.

தம்பி

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் உன் கடிதத்தைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது. ஏன் என்று கேட்காதே என்று என்னிடம் சொல்கிறாயே, தண்ணீரிடம் ஓடாதே என்று சொல்வாயா? ஏதோ நல்லது நடக்கப் போகிறது, இல்லாவிட்டால் இவ்வளவு விவரம் கேட்க மாட்டாய். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு திங்கட்கிழமை எல்லோரிடமும் நைசாகப் பேச்சுக் கொடுத்து வாங்கிவிட்டேன். அலுவலகத்தில் புகார்களைப் பிரிக்கிற மாதிரியே மூன்று தலைப்புப் போட்டிருக்கிறேன். தனித் தாளில் இணைத்திருக்கிறேன்.

மிக அவசரம் என்பதில் ஒன்பது பேர். தினமும் சர்க்கரை ஊசி போட வேண்டிய ஒருவர், ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் (அப்பா படுத்த படுக்கை), இதய ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர், என் இஸ்திரிக்காரியின் புருஷன், மற்றும் நால்வர். நடுப்பிள்ளை இப்போது கையால் பேசுவதையும் நிறுத்திவிட்டது. அவசரம் என்பதில் பதின்மூன்று பேர். கல்யாணமாகிப் பதினோராம் நாள் லாரி ஏறிய ஒருவன் இதில் இருக்கிறான். அவனை எதில் போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

காத்திருக்கலாம் என்ற தலைப்பில் போட ஆளே இல்லை. தலைப்பைப் போட்டுவிட்டு வெறுமையாக விட எனக்குக் கை வராது. அதனால் வாலுவை எழுதினேன். சொந்த வீட்டுப் புகாரை மேலே வைப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கமும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், அவனுக்கு ஒரு குறையும் இல்லை. புறப்பட்ட அன்று மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான். டயர் மேல் படுத்தாலும் குறட்டை விடுவான். தனியாக விட்டால் சுவரோடு சிநேகம் பிடிப்பான். பதினாலு வயதில் ரயிலைத் தவறவிட்டு இரண்டு நாள் ஸ்டேஷனில் தங்கினானே, போய்ப் பார்த்தால் ஸ்டேஷன் மாஸ்டரோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

இப்போதாவது சொல். எப்போது வருகிறார்கள்?

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டியல் உதவியது. உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானையும் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 26

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று வழக்கம்போல் கேட்கிறேன்.

நீ எழுதிய நாலு வரிக் கடிதத்தில் ஒரு கிண்டலும் இல்லை. அன்றைக்கே எனக்கு என்னவோ போலிருந்தது. பத்துக் கேள்வி எழுதி வைத்தேன், பயத்தில் ஒன்றையும் அனுப்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்களையெல்லாம் பழைய பஸ் பணிமனைக்கு வரச் சொன்னார்கள். இரண்டு பஸ் வந்தது. ஒரு அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் பேர் வாசித்தார், ஒவ்வொருவராக இறங்கினார்கள். நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினேன். அதிகாரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தான் பஸ்ஸுக்குள் ஏறி, கடைசி இருக்கை வரை குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

நான் அந்த அதிகாரியை விடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவங்ககிட்ட நம்ம ஆளு இருபத்திமூணு, நம்மகிட்ட அவங்க ஆளு இருபத்திரெண்டு. தலைக்குத் தலைன்னாங்க. ஒருத்தர் மிச்சம்மா. யாரை அங்கேயே விடறதுன்னு ரெண்டு பக்கமும் முடிவு பண்ண மாட்டேன்னுட்டாங்க. நடுவுல ஒருத்தர் இருந்திருக்கார். அவர்தான் பேரை எழுதிக் குடுத்தாராம்."

இஸ்திரிக்காரியின் நடுப்பிள்ளை அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

இத்தனை நாளும் உன்னிடம் நூறு கேள்வி கேட்டேன். இப்போது ஒன்றுதான். அந்தப் பேரை எழுதியது நீயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது.

அக்கா

ஜூலை 12

அக்கா,

ஆமாம்.

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை, என்றாலும் உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஏப்ரலிலேயே இந்த எண்ணிக்கையில் வந்து முட்டிக்கொண்டது. கடைவாய்க்காரர் சொன்னார், "நாங்க யாரை வெச்சுக்கிட்டாலும் வஞ்சம்னு சொல்லுவாங்க." கட்டுப்பல்காரர் சொன்னார், "நாங்க யாரை அங்கேயே விட்டாலும் அந்தக் குடும்பம் எங்க வாசல்ல வந்து உக்காரும்." இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் முடித்தார்கள், "நீங்களே எழுதிடுங்க டாக்டர், நீங்க பொது ஆள்." இருபத்துமூன்று பேர் அடங்கிய தாளை என் கையில் கொடுத்தார்கள். பேரும் வயதும் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் உன்னிடம் கேட்டேன்.

உன் பட்டியல் வந்த பிறகு இரண்டு நாள் யாரையும் பார்க்கவில்லை. இன்னொரு பேரை எழுதிவிடலாம் என்று முயற்சி செய்தேன், அக்கா. உண்மையாகவே முயற்சி செய்தேன். புது மாப்பிள்ளையின் பேரை எழுதினேன். பதினோராம் நாள் என்ற உன் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது, அடித்துவிட்டேன். வேறு யாரை எழுதினாலும் அந்த வீட்டில் ஒருத்தி உன்னைப் போல விரல் விட்டு எண்ணுவாள், அவளுக்கு நான் பதில் எழுதக்கூட முடியாது. உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. வாலுவின் பேரை எழுதினேன்.

நீ அவனை அங்கே போட்டாய் என்று உன்மேல் பழி போட மாட்டேன். எழுதியது என் கை. நியாயத்துக்காக எழுதினேனா, நாளைக்கு யாரும் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று எழுதினேனா என்பது எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

லாரிகளைத் திருப்பிக் கொடுப்பது அடுத்த பேச்சு. அவனையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தேதி சொல்லவில்லை. இந்த வேலையே வேண்டாம், பல்லோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நலம். நானும் நடமாடுகிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

மூன்று வாரம் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். எல்லாச் சண்டையிலும் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து என்ன பிரயோஜனம்?

நான் உன்னிடம் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சொந்த வீட்டுப் புகாரை அடியில்தான் வைப்போம். பக்கத்து மேசைக்காரர் எடுத்துப் பார்த்து, "இது உங்க வீடாச்சே, நீங்க ஏன் காத்திருக்கணும்?" என்று மேலே வைப்பார். இருபது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. நீ பக்கத்து மேசை என்று நினைத்தேன். நான் கீழே வைத்தால் நீ மேலே வைப்பாய் என்று நினைத்தேன். அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத வெட்கமாக இருந்தது. எழுதாததைத் தேடுகிற புத்தி எனக்கு இருக்கிறது, உனக்கு இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

வேலையை விடக் கூடாது. இன்னும் ஒருவன் வர வேண்டியிருக்கிறது, நீ கையைக் கழுவிவிட்டால் அந்த இரண்டு பேரும் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அவன் வரும் அன்று நீ இங்கே இருக்க வேண்டும். நடந்ததை நான் அவனிடம் சொல்ல மாட்டேன். நீதான் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த வாசலுக்கு நான் மட்டும்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் இஸ்திரிக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். "உன் வீட்டுக்காரர்தான் வந்துட்டாரே, நீ எதுக்கு?" என்று கேட்டேன். "கணக்கு இன்னும் முடியலையேக்கா" என்றாள். வெயில் ஏறியது. அவளுக்குத் திடீரென்று ஆத்திரம் வந்துவிட்டது. "நடுவுல ஒருத்தன் இருந்தானாமே, உங்க பிள்ளை பேரை எழுதினானே, அவன் நல்லாவே இருக்க மாட்டான்கா. பெத்த மனசு தெரியாத பாவி. அவன் வீட்டுலயும் ஒரு நாள் இப்படி நிக்கணும்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதம்மா," என்றேன். "அவங்க வீட்டுலயும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. சாயங்காலம் வரை இரண்டு பேரும் நின்றோம்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா